சோவியத் சைக்கியாட்ரி: டாக்டர்கள் தெரிஞ்சே பொய் எழுதுனாங்களா, நம்பித்தான் எழுதுனாங்களா?

மாறன்_வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க டாக்டர்களும் இருக்கீங்க, சோவியத் வரலாற கரைச்சுக் குடிச்சவங்களும் இருக்கீங்க, அதனால சேர்த்தே கேக்குறேன்.

பியோத்தர் கிரிகோரென்கோ பத்தி படிச்சுட்டு இருக்கேன். செம்படையில மேஜர் ஜெனரல், ரெண்டாம் உலகப் போர்ல சண்டை போட்டவர், ராணுவ அகாடமில பாடம் எடுத்தவர். கட்சித் தலைமைய விமர்சிச்சதுக்காக 1964ல புடிச்சு லெனின்கிராட்ல மனநோய் ஆஸ்பத்திரில அடைச்சாங்க, பதவி பென்ஷன் எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க. 1965ல வெளிய வந்தும் மனுஷன் அடங்கல, ஸ்டாலின் காலத்துல சொந்த மண்ணவிட்டு துரத்தப்பட்ட கிரிமியத் தாத்தர்களுக்காகப் பேச ஆரம்பிச்சார், 1969 மே மாசம் தாஷ்கண்ட்ல மறுபடி கைது.

எனக்குத் தூக்கம் வராம பண்ணது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். ஆகஸ்ட் மாசம் தாஷ்கண்ட்ல பேராசிரியர் தெத்தென்கோஃப் தலைமையில ஒரு டாக்டர் குழு அவர பரிசோதிச்சு, இவருக்கு மனநோய் எதுவும் இல்ல, செஞ்சதெல்லாம் புத்தி தெளிவாத்தான் செஞ்சிருக்கார்னு எழுதிக் குடுக்குது. ரெண்டு மூணு மாசம் கழிச்சு அதே மனுஷன மாஸ்கோவுக்கு கொண்டுபோய், கோர்ட் கேஸ்களுக்கு மனநலப் பரிசோதனை பண்ற செர்ப்ஸ்கி இன்ஸ்டிட்யூட்ல வேற குழு பாக்குது, அவங்க "சீர்திருத்த எண்ணங்களோட கூடிய பாரனாய்டு (அதீத சந்தேக) ஆளுமை வளர்ச்சி"ன்னு எழுதி, இவருக்கு குற்றப் பொறுப்பே கிடையாதுன்னு முடிச்சு, உள்துறை அமைச்சகம் நடத்துன செர்னியாகோவ்ஸ்க் சிறப்பு மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுறாங்க. 1974 வரைக்கும் உள்ளதான்.

ஒரே ஆளு, ஒரே வருஷம், ரெண்டு குழுவும் படிச்ச டாக்டருங்க. செர்ப்ஸ்கில கையெழுத்துப் போட்டவங்க மனசறிஞ்சு பொய் எழுதுனாங்களா? இல்ல அவங்க படிச்ச படிப்பே அப்படித்தான் பாக்கச் சொல்லிக் குடுத்துச்சா? இன்னொன்னு, ஏன் சைக்கியாட்ரி மட்டும் இப்படி மாட்டுச்சு, இதய டாக்டர்களயோ எலும்பு டாக்டர்களயோ வச்சு ஒரு அரசாங்கம் இப்படி எதிரிய அடக்கலயே?

மருந்துச்சீட்டு:

நல்ல கேள்வி ப்ரோ, நான் சைக்கியாட்ரி படிச்சவன், ரெசிடென்சில இருந்தப்பவே இந்த வரலாறு என்ன ரொம்ப உலுக்குச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

ரெண்டாவது கேள்விய மொதல்ல எடுத்துக்கலாம். ஒருத்தர் இதயத்துல அடைப்பு இருக்கா இல்லயான்னு படம் எடுத்துப் பாக்கலாம், ரத்தம் எடுத்துப் பாக்கலாம். மனநோய்க்கு அன்னைக்கும் சரி இன்னைக்கும் சரி, பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி பேசுறது, நடந்துக்கறது, வீட்டுக்காரங்க சொல்றது, இதை வச்சுத்தான் முடிவு. அப்போ எது "நார்மல்"ங்கிற கோட்ட யாரு போடுறாங்களோ அவங்க கைலதான் எல்லாம் இருக்கு. அதுக்கும் மேல, நோயாளி வேணாம்னு சொன்னாலும் அவர உள்ள வைக்க சட்டப்படி அதிகாரம் இருக்குற மருத்துவத் துறைகள்ல முக்கியமானது எங்களுது. இந்த ரெண்டும் சேர்ந்து ஒரே இடத்துல இருக்கறப்போ அரசாங்கத்துக்கு வேற என்ன வேணும்.

இப்போ முதல் கேள்வி. இதுக்கு ஆந்த்ரேய் ஸ்நெஷ்னெவ்ஸ்கின்னு ஒருத்தர தெரிஞ்சுக்கணும். 1951ல மாஸ்கோல ஒரு பெரிய கூட்டுக் கூட்டம் போட்டாங்க, உடலியல் விஞ்ஞானி பாவ்லோவோட கோட்பாட்டுக்கு எதிரா இருக்காங்கன்னு சொல்லி குரேவிச், ஷ்மார்யான் மாதிரி முன்னணி மனநல அறிஞர்கள மேடையிலயே கிழிச்சாங்க. அந்தக் கூட்டத்துல குற்றம் சாட்டுன பக்கத்துல நின்னவர் ஸ்நெஷ்னெவ்ஸ்கி. அதே வருஷம் நாட்டோட முக்கியமான சைக்கியாட்ரி பத்திரிகைக்கு தலைமை ஆசிரியர் ஆனார், 1987ல சாகுற வரைக்கும் அந்த நாற்காலிய விடல. 1962லருந்து மருத்துவ அறிவியல் அகாடமியோட சைக்கியாட்ரி இன்ஸ்டிட்யூட்டும் அவர் கைல. பத்திரிகை அவர் கைல, ஆராய்ச்சி அவர் கைல, யாரு பேராசிரியர் ஆகணும்ங்கிறதும் பெரும்பாலும் அவர் வட்டத்து கைல. வேற கருத்து இருந்தா எங்க போய் எழுதுவ?

அவரோட வகைப்பாடு என்னன்னா, ஸ்கிசோஃப்ரினியாவ (மனச்சிதைவு நோய்) அறிகுறிய வச்சுப் பிரிக்காம, நோய் எந்த வேகத்துல எப்படி ஓடுதுங்கிறத வச்சுப் பிரிக்கிறது. விட்டுவிட்டு வர்றது, படிப்படியா தாவித்தாவி வர்றது, நிக்காம ஓடிட்டே இருக்கறதுன்னு மூணு. அந்த நிக்காம ஓடுற வகைல ஒரு ஓரத்துலதான் "மெள்ள ஓடும் ஸ்கிசோஃப்ரினியா" உக்காந்திருக்கு. இதுக்கு காதுல குரல் கேக்க வேணாம், யாரோ என்ன கொல்ல வர்றாங்கங்கிற மாதிரி பிரமை வேணாம். கொஞ்சம் பிடிவாதம், கொஞ்சம் சந்தேக குணம், சுத்தி இருக்கறவங்களோட ஒத்துப்போகாம இருக்கறது, "உண்மைக்காகப் போராடுறேன்"னு மனு மேல மனு போடுறது, சமூகத்த மாத்தணும்னு ஒரே எண்ணத்துல மூழ்குறது, இதெல்லாம் அறிகுறியா வந்துடும். வேலை ஒழுங்கா பாக்குறாரே, குடும்பம் நடத்துறாரே, பேச்சு தெளிவா இருக்கேன்னு நீ கேட்டா, அதான் சொல்றோமே, இது மெள்ள ஓடுறது, வெளிய தெரியாதும்பாங்க. நோய் தெரியலங்கிறதையும் நோய்க்கு சாட்சியா எடுத்துக்கற கோட்பாட்ட எந்தப் பரிசோதனையாலயும் பொய்யாக்க முடியாது.

அதனால என்னோட பதில், ரெண்டுமே நடந்துச்சு, ஆனா வேற வேற தட்டுல. மாவட்ட ஆஸ்பத்திரில உக்காந்திருந்த சாதாரண டாக்டர் இந்தப் பாடத்தப் படிச்சு, இந்தப் பரிட்சை எழுதி பாஸ் பண்ணவர். கட்சிய எதிர்த்து நோட்டீஸ் எழுதி குடும்பத்தையே அபாயத்துல தள்ளுற ஒருத்தர அவர் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துனா, "இந்த ஆளுக்கு தன்னக் காப்பாத்திக்கற புத்தியே இல்லயே"ன்னு அவருக்கு உண்மையாவே தோணிருக்கும். ஆனா செர்ப்ஸ்கில அரசியல் கேஸ்களுக்குன்னே இருந்த நாலாவது பிரிவ நடத்துன தானியேல் லூன்ட்ஸ், 1957லருந்து இயக்குநரா இருந்த கியோர்கி மரோசோவ், இவங்களுக்கு கேஸ் எங்கருந்து வருது எதுக்கு வருதுன்னு தெரியாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். தாஷ்கண்ட் அறிக்கை அவங்க மேஜை மேலயே இருந்துச்சு.

செங்கதிர்:

தோழர்களே, நானும் படிச்சிருக்கேன், ஆனா சில விஷயத்த சேர்த்துப் பேசலன்னா படம் கோணலாயிடும்.

அந்தக் காலத்துல ஸ்கிசோஃப்ரினியாவ அகலமா பாத்தது சோவியத் மட்டும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 60கள் கடைசில ஒன்பது நாட்டுல ஒரே மாதிரி நேர்காணல் வச்சு ஆராய்ச்சி பண்ணுச்சு, நம்ம ஆக்ராவும் அதுல ஒரு மையம். அதுல மத்த ஊர்களவிட அகலமா அந்த நோய்ப்பேர போட்டது எந்தெந்த ஊருன்னா மாஸ்கோவும் வாஷிங்டனும். நியூயார்க் டாக்டர்களையும் லண்டன் டாக்டர்களையும் ஒப்பிட்டப்பவும் நியூயார்க்லதான் தாராளமா ஸ்கிசோஃப்ரினியா எழுதியிருந்தாங்க. அமெரிக்கா 1980ல அவங்க மனநோய் வரையறைக் கையேட்ட திருத்தி எழுதின பிறகுதான் வரையறை இறுகுச்சு. இத சொல்லாம விட்டா, ஏதோ ஒரு பூதம் வந்து சோவியத்துல மட்டும் நோய கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும்.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரிகள்ல இருந்த பெரும்பாலானவங்க உண்மையான நோயாளிங்க. அரசியல் காரணத்துக்காக வச்சவங்க அதுல சின்ன பங்குதான். பனிப்போர் காலத்துல மேற்கத்திய பத்திரிகைகளுக்கு இது அல்வா மாதிரி கிடைச்ச விஷயம்ங்கிறதையும் மறக்கக் கூடாது.

நடந்தது சரின்னு நான் சொல்ல வரல. ஜெனரல ஆஸ்பத்திரில அடைச்சத எந்த சோசலிஸ்டும் நியாயப்படுத்த முடியாது. ஆனா விஞ்ஞானத்துல இருந்த குழப்பம் எது, அரசு பண்ண குற்றம் எதுன்னு பிரிச்சுப் பேசணும்.

பழைய_ஏடு:

தோழர் செங்கதிர், ஆக்ரா, வாஷிங்டன் விஷயம் நீங்க சொன்னது முழுக்க சரி. ஆனா வாஷிங்டன்ல அகலமா நோய்ப்பேர் போட்டப்போ அந்த ஆள அடுத்த நாள் கோர்ட்டுக்கு வெளியவே வச்சு விசாரிச்சு, காலவரையே இல்லாம உள்துறை அமைச்சகத்தோட ஆஸ்பத்திரிக்கு அனுப்புற ஏற்பாடு இல்ல. வித்தியாசம் அங்க இருக்கு.

நடைமுறை எப்படின்னு சொல்றேன். ரஷ்யக் குடியரசோட குற்றவியல் சட்டத்துல 70வது பிரிவு, சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம், ஏழு வருஷம் வரைக்கும் சிறை அதுக்கு மேல அஞ்சு வருஷம் வரைக்கும் நாடு கடத்தல் (அதாவது நாட்டுக்குள்ளயே தூரத்து ஊருக்கு அனுப்புறது). 1966ல 190-1ன்னு ஒண்ணு சேர்த்தாங்க, சோவியத் அமைப்பப் பத்தி அவதூறு பரப்புறது, மூணு வருஷம் வரைக்கும். ஆள கைது பண்ணதும் விசாரணை அதிகாரி மனநலப் பரிசோதனைக்கு அனுப்பலாம். குழு "பொறுப்பேற்கும் நிலையில் இல்லை"ன்னு எழுதிட்டா, அந்த ஆளே இல்லாம கோர்ட் நடக்கும், அவர் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச வாய்ப்பு கிடையாது. தீர்ப்புல சிறைன்னு வராது, "கட்டாய சிகிச்சை"ன்னு வரும். அதுக்கு முடிவு தேதி கிடையாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா குழு வந்து பாக்கும், உன் கருத்து தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டா குணமாயிட்டன்னு அர்த்தம், ஒத்துக்கலன்னா நோய் இன்னும் இருக்குன்னு அர்த்தம்.

ஏன் நேரா ஜெயிலுக்கே அனுப்பலன்னு யாராவது கேப்பீங்க. சில பேர கோர்ட்ல நிறுத்துனா அரசாங்கத்துக்குத்தான் அசிங்கம். 1968 ஆகஸ்ட் 25, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ள டேங்க் அனுப்புனத எதிர்த்து மாஸ்கோ செஞ்சதுக்கத்துல எட்டு பேர் உக்காந்தாங்க. அதுல விக்டர் ஃபைன்பெர்க்ன்னு ஒருத்தர், அங்கயே அடிச்சு முன்பல்ல உடைச்சுட்டாங்க. பல்லு போன ஆள கோர்ட்ல நிறுத்துனா பாக்குறவங்க என்ன கேப்பாங்க, அதனாலதான் அவர மனநோயாளி ஆக்கி லெனின்கிராட் சிறப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்கன்னு அவரோட நண்பர்கள் சொன்னாங்க. கவிஞர் நடால்யா கொர்பனேவ்ஸ்கயா அன்னைக்கு கைக்குழந்தைய தள்ளுவண்டில வச்சுக்கிட்டு அங்க வந்தவங்க, குழந்தை இருக்கேன்னு அன்னைக்கு விட்டுட்டாங்க, 1969 டிசம்பர்ல கைது பண்ணி செர்ப்ஸ்கில மெள்ள ஓடும் ஸ்கிசோஃப்ரினியான்னு போட்டு கசான் ஆஸ்பத்திரில வச்சு 1972ல விட்டாங்க.

ஷோரெஸ் மெத்வெதெவ் கதை இதவிட தெளிவு. உயிரியல் விஞ்ஞானி, லிசென்கோவோட போலி விஞ்ஞானத்த அம்பலப்படுத்தி எழுதுனவர். 1970 மே கடைசில வீட்டுக்கே வந்து கலூகா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனாங்க. விஞ்ஞானியாவும் இருக்கார், சமூக அரசியல் பத்தியும் எழுதுறார், ரெண்டு துறைல மூக்க நுழைக்கிறது பிளவுபட்ட ஆளுமைக்கு அடையாளம்னு சொன்னாங்க. அவரோட இரட்டைச் சகோதரர் ராய் தினமும் தகவல் வெளிய அனுப்பிட்டே இருந்தார், சகாரோவ், கபீத்சா மாதிரி பெரிய பெரிய விஞ்ஞானிங்க தந்தி அடிச்சாங்க, 19 நாள்ல விட்டுட்டாங்க. பெரிய ஆளுங்க கேட்டா நோய் 19 நாள்ல போயிடும்ன்னா அது என்ன நோய்?

பனிப்போர் பிரச்சாரம்ங்கிறதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிக்கறேன். கீவ் நகரத்து கணித அறிஞர் லியோனித் ப்ளூஷ்ச், 1973லருந்து திநிப்ரோபெத்ரோவ்ஸ்க் சிறப்பு ஆஸ்பத்திரில. அவருக்காக குரல் கொடுத்தது பிரெஞ்சு கணித அறிஞர்கள் மட்டும் இல்ல, 1975ல பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சியோட நாளிதழ் லூமனித்தேயே அவர விடுதலை பண்ணச் சொல்லி எழுதுச்சு. 1976 ஜனவரில வெளிய விட்டாங்க. வெளிய வந்தப்பவும் தான் மார்க்சிஸ்ட்ன்னுதான் ப்ளூஷ்ச் சொன்னார். சிஐஏ கணக்குல இத எழுத முடியாது.

மாறன்_வாசகன்:

பழைய_ஏடு அண்ணா, மருந்துச்சீட்டு டாக்டர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, செங்கதிர் சொன்ன ஆக்ரா விஷயம் எனக்கு புதுசு.

உள்ள என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்லுங்களேன். சிகிச்சைன்னு பேர்ல என்ன குடுத்தாங்க? இன்னொன்னு, "முடியாது"ன்னு சொன்ன டாக்டர் ஒருத்தர்கூட இல்லயா?

வார்டு_அக்கா:

மருந்து பத்தி நான் சொல்றேன் தம்பி, சைக்கியாட்ரி வார்டுல நர்ஸா வேலை பாக்குறேன்.

அங்க அதிகம் பேசப்பட்ட ரெண்டு மருந்து ஹாலோபெரிடால், சல்ஃபசீன். ஹாலோபெரிடால் நல்ல மருந்து, இன்னைக்கும் நாங்க குடுக்குறோம், நெஜமான நோயாளிக்கு எத்தனையோ குடும்பத்த காப்பாத்தியிருக்கு. ஆனா அத குடுத்தா பக்கவிளைவ பாத்துக்கிட்டே இருக்கணும். கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், கண்ணு மேல செருகிக்கும், நாக்கு தடிச்ச மாதிரி ஆகி பேச்சு குழறும். அதவிட கொடுமை அகதீசியான்னு ஒண்ணு. உள்ளுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி, உக்காந்தா நிக்கணும்போல இருக்கும், நின்னா நடக்கணும்போல இருக்கும், நடந்தா படுக்கணும்போல இருக்கும், படுத்த அடுத்த நிமிஷம் கால உதைச்சுட்டு எந்திரிச்சுடுவாங்க. ராத்திரி ரவுண்ட்ஸ்ல இதுல தவிக்கிற ஒரு நோயாளிய பாத்திருந்தா மறக்கவே முடியாது, கைய புடிச்சுக்கிட்டு "சிஸ்டர் எதாச்சும் பண்ணுங்க"ம்பாங்க, என்ன பண்ணுதுன்னு சொல்லத் தெரியாது. அதுக்கு மாற்று மருந்து இருக்கு, ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாதிரி குடுத்தோம்னா கழுத்து இழுக்கறது சீக்கிரமே சரியாகும், அகதீசியாவுக்கு டோஸ குறைப்போம், வேற மருந்து சேர்ப்போம். திநிப்ரோபெத்ரோவ்ஸ்க்ல ப்ளூஷ்ச்சுக்கு ஹாலோபெரிடால் அதிக டோஸ்ல, இந்த மாற்று மருந்து சரியா இல்லாம குடுத்ததா அவரும் அவர் மனைவியும் சொல்லியிருக்காங்க. கணித அறிஞர், கடைசில புத்தகம் படிக்க முடியல, கடிதம் எழுத முடியல. நோயே இல்லாத ஆளுக்கு, தெரிஞ்சே, மாற்று மருந்தையும் நிறுத்தி வச்சா அது என்னன்னு உங்களுக்கே புரியும்.

சல்ஃபசீன்ங்கிறது சுத்திகரிச்ச கந்தகத்த எண்ணெயில கலந்து தசைல போடுற ஊசி. ஒரு காலத்துல காய்ச்சல் வரவச்சா மனநோய் குறையும்னு நம்புனாங்க, ஐரோப்பால பல இடத்துல 20கள், 30கள்ல இது இருந்துச்சு, அப்புறம் பிரயோஜனம் இல்லன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. சோவியத்துல விடல. ஊசி போட்ட இடம் கல்லு மாதிரி இறுகி, அசையவே முடியாத வலி, காய்ச்சல் 40 டிகிரி வரைக்கும் ஏறும். வார்டுல சொன்ன பேச்ச கேக்காதவங்களுக்கு தண்டனையா போட்டாங்கன்னு அங்க இருந்தவங்க நிறைய பேர் சாட்சி சொல்லியிருக்காங்க. ஈரக் கேன்வாஸ்ல உடம்ப இறுக்கி சுத்திடுவாங்க, அது காய காய இறுகும். அதையும் பல பேர் எழுதியிருக்காங்க.

இன்னொன்னு, அந்த சிறப்பு ஆஸ்பத்திரிகள்ல வார்டு பாத்துக்க போட்ட ஆளுங்க பயிற்சி எடுத்த உதவியாளர்கள் இல்ல, தண்டனைக் கைதிங்க. நெஜமான நோயாளி அங்க எத்தன பேர் அடி வாங்கியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க, அவங்களுக்காக தந்தி அடிக்க சகாரோவ் இல்லயே. செங்கதிர் தம்பி பெரும்பாலானவங்க உண்மையான நோயாளிங்கன்னு சொன்னார்ல, அவங்க பட்ட பாடும் இந்தக் கணக்குல சேரணும்.

பழைய_ஏடு:

அக்கா, கடைசில சொன்னது யாரும் எழுதாத விஷயம்.

மாறன், முடியாதுன்னு சொன்னவங்க இருந்தாங்க. மொத பேரு செமியோன் குளுஸ்மான். கீவ்ல 25 வயசு டாக்டர், 1971ல கிரிகோரென்கோவ நேர்ல பாக்காமலே, அவர் எழுத்து, கிடைச்ச ஆவணங்கள வச்சு, செர்ப்ஸ்கி அறிக்கை ஏன் தப்புன்னு ஒரு முழு மருத்துவ அறிக்கை எழுதி ரகசியமா சுத்துக்கு விட்டார். 1972 மே மாசம் கைது, ஏழு வருஷம் உழைப்பு முகாம், மூணு வருஷம் நாடு கடத்தல். குற்றச்சாட்டுல இந்த அறிக்கைய காரணமா காட்டல, சோவியத் எதிர்ப்புப் பிரசுரம்னுதான் போட்டாங்க. முகாம்ல இருந்தப்பவே, கூட கைதியா இருந்த விளாதீமிர் புகோவ்ஸ்கியோட சேர்ந்து, கைதாகுற ஆளுங்க மனநலப் பரிசோதனைல எப்படி நடந்துக்கணும், எத சொல்லணும் எத சொல்லக் கூடாதுன்னு ஒரு கையேடே எழுதி வெளிய கடத்திட்டாங்க. கேள்விக்கு தத்துவம் பேசாத, பழைய தலைக்காயம் பத்தி வாய தொறக்காத, சின்ன வயசுல தனியா இருப்பேன்னு சொல்லாதங்கிற மாதிரி நடைமுறை ஆலோசனை. சிறைக்குள்ள ஒரு டாக்டரும் ஒரு கைதியும் உக்காந்து, டாக்டர்கள்கிட்டருந்து தப்பிக்கற வழிய எழுதுறாங்க.

புகோவ்ஸ்கி 1971ல ஆறு பேரோட மருத்துவ அறிக்கை நகல்கள, 150 பக்கத்துக்கு மேல, மேற்கு நாட்டு சைக்கியாட்ரிஸ்ட்களுக்கு அனுப்பி, நீங்களே படிச்சு சொல்லுங்கன்னு கேட்டவர். அந்த வருஷம் மெக்சிகோல நடந்த உலக சைக்கியாட்ரி சங்க மாநாடு அத விவாதிக்கவே மறுத்துடுச்சு. சக டாக்டர்கள தர்மசங்கடப்படுத்த வேணாம்னு சும்மா இருந்தாங்க, எனக்கு அதுதான் இன்னும் ஆறல.

அப்புறம் 1977 ஜனவரில மாஸ்கோல சைக்கியாட்ரிய அரசியலுக்குப் பயன்படுத்துறத விசாரிக்க ஒரு செயற்குழு ஆரம்பிச்சாங்க, ஆம்புலன்ஸ் ஊழியர் அலெக்சாந்தர் பதராபினேக் அதுல முக்கியமானவர். வலஷனோவிச்ன்னு ஒரு சைக்கியாட்ரிஸ்ட் அவங்களுக்காக, ஆபத்துல இருந்த டஜன்கணக்கான பேர பரிசோதிச்சு நோய் இருக்கா இல்லயான்னு நேர்மையா எழுதிக் குடுத்தார். அவர் நாட்டவிட்டு போனதும் கார்கீவ் டாக்டர் அனத்தோலி கரியாகின் அந்த வேலைய எடுத்துக்கிட்டார், 1981ல கைது, ஏழு வருஷ சிறைத் தண்டனை அதுக்கு மேல அஞ்சு வருஷம் நாடு கடத்தல், 1987லதான் விட்டாங்க. லெனின்கிராட்ல மரீனா வய்ஹான்ஸ்கயான்னு ஒரு பெண் டாக்டர், ஃபைன்பெர்க்குக்கு உதவி பண்ணாங்க, அவங்களும் 1975ல வெளியேற வேண்டியதாச்சு.

தெத்தென்கோஃப் இந்த வரிசைல சேர மாட்டார். அவர் எதிர்ப்பாளர் கிடையாது, புரட்சி பண்ணல, அவர் முன்னாடி இருந்த ஆள பாத்து உள்ளத எழுதுனார், அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு அறிக்கை இருந்ததாலதான் செர்ப்ஸ்கிகாரங்க பொய் எழுதுனது இவ்வளவு பளிச்சுனு தெரியுது. 1979ல அமெரிக்கால கிரிகோரென்கோவே கேட்டு வால்ட்டர் ரைச், ஆலன் ஸ்டோன் இன்னும் சிலர் சேர்ந்து அவர விரிவா பரிசோதிச்சாங்க, மனநோய் எதுவும் இல்ல. அவர் செத்த பிறகு 1992ல ரஷ்யாவுல ஒரு குழுவும் அதையே சொல்லுச்சு.

செங்கதிர்:

பழைய_ஏடு தோழர், லூமனித்தே விஷயம் முக்கியமானது, அத நான் எங்க கூட்டங்கள்லயும் சொல்வேன்.

ஆனா ஒண்ணு கேக்கணும். மேல இருந்து ஆணை வந்ததுக்கு எழுத்துப்பூர்வமா ஆதாரம் இருக்கா? இல்ல டாக்டர்களே அரசாங்கம் என்ன எதிர்பாக்குதுன்னு மோப்பம் புடிச்சு செஞ்சதா?

பழைய_ஏடு:

கொஞ்சம் ரெண்டும். 1959லயே அப்போதைய சோவியத் தலைவர் க்ருஷ்சேவ் ஒரு பேச்சுல, கம்யூனிசத்த எதிர்க்கறவங்களோட மனநிலை சரியில்லன்னுதான் சொல்லணும்ங்கிற மாதிரி பேசுனது கட்சி நாளிதழ் பிராவ்தால வந்துச்சு. அதப் படிச்ச டாக்டருக்கு குறிப்பு போதும். ஆனா எழுத்துலயும் இருக்கு, 1969 ஏப்ரல்ல ரகசியப் போலீஸான கேஜிபியோட தலைவர் ஆந்த்ரோபவ் சிறப்பு ஆஸ்பத்திரிகள அதிகப்படுத்தச் சொல்லி மத்தியக் கமிட்டிக்கு அனுப்புன திட்டம், சோவியத் உடைஞ்ச பிறகு ஆவணக் காப்பகத்துலருந்து வெளிய வந்துச்சு.

இதவிட எனக்கு வலிக்கிறது பீசரெவ் கேஸ். செர்கேய் பீசரெவ் கட்சி விசுவாசி. ஸ்டாலினோட கடைசி நாள்ல, டாக்டர்கள் சேர்ந்து தலைவர்கள கொல்லப் பாத்தாங்கன்னு "டாக்டர்கள் சதி"ன்னு ஒரு வழக்கு ஜோடிச்சாங்கல்ல, அது பொய்னு மனு போட்டதுக்கு அவரயே மனநோய் ஆஸ்பத்திரில போட்டாங்க. வெளிய வந்து விடாம புகார் குடுத்து, 1956ல மத்தியக் கமிட்டியே ஒரு விசாரணைக் குழு போட்டுச்சு. அந்தக் குழு போய் பாத்து, நல்லா இருக்கறவங்கள அடைச்சு வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சு அறிக்கை குடுத்துச்சு. அறிக்கைய கிடப்புல போட்டாங்க, குழுல இருந்தவங்கள ஓரங்கட்டுனாங்க. ஆக 1956லயே தெரிஞ்சிருந்துச்சு. கிரிகோரென்கோவுக்கு எட்டு வருஷம் முன்னாடி.

மருந்துச்சீட்டு:

முடிவு எப்படி வந்துச்சுன்னு நான் எழுதிடுறேன், ஏன்னா அதுல எங்க துறைக்கு ஒரு பங்கு இருக்கு.

மெக்சிகோல வாய மூடுன உலக சங்கம் 1977ல ஹொனலூலுல சோவியத்த கண்டிச்சு தீர்மானம் போட்டுச்சு, 90க்கு 88. ரெண்டே ஓட்டு வித்தியாசம்! அதே மாநாட்டுல சைக்கியாட்ரிஸ்ட்களுக்கான நெறிமுறை ஒண்ணும் ஏத்துக்கிட்டாங்க, நோய் இல்லாத ஆளுக்கு கட்டாய சிகிச்சை கூடாதுங்கிறது அதுல இருக்கு. 1983ல வெளியேத்திடுவாங்கன்னு தெரிஞ்சதும் சோவியத் சங்கம் தானா ராஜினாமா பண்ணிட்டு போயிடுச்சு. கோர்பசேவ் வந்த பிறகு 1988ல சிறப்பு ஆஸ்பத்திரிகள உள்துறைகிட்டருந்து புடுங்கி சுகாதார அமைச்சகத்துக்கு மாத்துனாங்க, 1989 ஆரம்பத்துல அமெரிக்க சைக்கியாட்ரிஸ்ட் குழு ஒண்ண உள்ள விட்டாங்க, அவங்க 27 பேர நேர்ல பரிசோதிச்சாங்க, அதுல பல பேருக்கு கட்டாய சிகிச்சை தேவைப்படுற எந்த நோயும் இல்ல. அந்த வருஷமே சல்ஃபசீனுக்கு தடை. அக்டோபர்ல ஏதென்ஸ் மாநாட்டுல சோவியத் பிரதிநிதிகள் அரசியல் காரணத்துக்காக துறைய தவறா பயன்படுத்துனோம்னு ஒத்துக்கிட்ட பிறகுதான், நிபந்தனையோட திரும்ப சேத்தாங்க.

எங்க துறை மேல இருந்த ஒரு கோபத்த மட்டும் சொல்லிடுறேன். மரோசோவ் 1990 வரைக்கும் செர்ப்ஸ்கி இயக்குநராவே இருந்தார், ஸ்நெஷ்னெவ்ஸ்கி கௌரவத்தோடயே செத்தார், கையெழுத்துப் போட்டவங்கள்ல கோர்ட் படி ஏறுனவங்க யாருன்னு தேடுனா கிடைக்க மாட்டேங்குது. குளுஸ்மான் மாதிரி ஆளுங்க முகாம்ல இழந்த வருஷத்துக்கு பக்கத்துல இத வச்சுப் பாருங்க.

செங்கதிர் கேட்ட பிரிவினை, விஞ்ஞானக் குழப்பம் எது குற்றம் எதுங்கிறது, நடைமுறைல எப்படி தெரியும்னா, ரெண்டாவது டாக்டர்கிட்ட போக முடியுமா முடியாதாங்கிறதுலதான். லெனின்கிராட்லயும் கீவ்லயும் ஸ்நெஷ்னெவ்ஸ்கியோட அகலமான வரையறைய ஏத்துக்காத பேராசிரியர்கள் இருந்தாங்க, ஒரு சாதாரண நோயாளி அங்க போயிருந்தா வேற பதில் கிடைச்சிருக்கும். அரசியல் கைதிக்கு அந்த வழிய அடைச்சு, எல்லாரையும் செர்ப்ஸ்கி ஒண்ணுக்கே கொண்டுபோனாங்க பாருங்க, அந்த இடத்துல குழப்பம்ங்கிற சாக்கு செல்லாது. 1992 ஜூலைல ரஷ்யா கொண்டுவந்த மனநல சட்டத்துல கட்டாய அனுமதிக்கு குழு ரெண்டு நாளுக்குள்ள பாக்கணும், அப்புறம் நீதிபதி முன்னாடி போகணும்னு இருக்கு, ஒருத்தரோட அரசியல் கருத்து மட்டுமே நோய்க்கு ஆதாரம் ஆகக் கூடாதுன்னும் இருக்கு.

மாறன்_வாசகன்:

டாக்டர், கடைசியா ஒண்ணு, அந்த "மெள்ள ஓடும்" நோய்ப்பேர் இப்போ எங்க? அழிஞ்சுடுச்சா?

மருந்துச்சீட்டு:

உலக நோய்ப் பட்டியல்ல அந்தப் பேர் கிடையாது. அந்தப் பட்டியலோட பத்தாவது பதிப்பான ஐசிடி 10ஐ ரஷ்யா ஏத்துக்கிட்டப்போ, பழைய அந்த வகைல இருந்த நியூரோசிஸ் மாதிரி, சைக்கோபதி மாதிரி துணைப்பிரிவுகள எஃப்21ங்கிற குறியீட்டுல வர்ற, விசித்திரமான நடத்தையும் எண்ணங்களும் இருக்கற ஸ்கிசோடைபல் கோளாறுக்குள்ள கொண்டுபோய் வச்சாங்க. அந்தத் தலைப்புல வர்றவங்கள்ல நெஜமாவே கஷ்டப்படுற நோயாளிங்க இருக்காங்க, அவங்களுக்கு சிகிச்சை வேணும். பழைய கேஸ் ஷீட்ல அந்தப் பேர் இருந்தவங்கள ஒவ்வொருத்தரா திரும்பக் கூப்பிட்டுப் பாத்து, புது நோய்ப்பேர் போடணுமா, இல்ல பதிவேட்டுலருந்தே எடுக்கணுமான்னு முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு, ஏன்னா அந்தப் பதிவேட்டுல பேர் இருந்தா சில வேலை கிடைக்காது, டிரைவிங் லைசென்ஸ் வாங்குறதுகூட கஷ்டம்.